ஏழாம் எண்

மணி அடிப்பது என் வேலை.
கரகந்தாவில், மாதத்தின் கடைசி வியாழன்,
பழைய தையல் ஆலையின் இரண்டாம் மாடியில்
ஆளுக்கு ஐந்து நிமிடம்.
நாலரையில் மெல்ல ஒரு தட்டு,
ஐந்தில் ஓங்கி ஒன்று.
மணி, ஒரு சைக்கிளிலிருந்து கழற்றியது.
யாருடைய சைக்கிள் என்று இதுவரை ஒருவரும் கேட்கவில்லை.

வெளியே பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தாறு.
உள்ளே எல்லாருடைய கோட்டும் ஒரே நாற்காலியில்,
நாற்காலி எங்கே என்று தெரியாதபடி.

முதலில் ரொமான் வேபர்.
டாக்டர் கையெழுத்தைப் படிக்கும் ஆப்.
தன் அம்மா எழுதிய மருந்துச் சீட்டைக் கேமராவுக்குக் காட்டினான்.
யோசித்தது. மறுபடி யோசித்தது.
"மூன்று குதிரை, சாப்பாட்டுக்குப் பின்."
அரங்கமே சிரித்தபோது
தொண்ணூற்று நான்கு சதவீதம் சரியாகவே சொல்லும் என்றான்.
மிச்சம் ஆறைப் பார்க்கத்தான்
எங்களுக்கு எப்போதும் கொடுத்து வைத்திருக்கிறது.

அடுத்ததும் குதிரைதான்.
அக்போத்தா, கழுத்துப்பட்டையோடு வந்தாள்.
மந்தை எங்கே மேய்கிறது என்று செயற்கைக்கோள் சொல்லும்.
மூன்று ஸ்லைடு தாண்டியதும் நேரே வரைபடம்:
பத்துப் புள்ளிகள்
வெள்ளைப் புல்வெளியில் கடுகு கொட்டியது போல.
பதினொன்றாவது மட்டும்
நெடுஞ்சாலையில், மணிக்கு எண்பத்திரண்டு கிலோமீட்டர்.

"நல்ல குதிரை" என்றான் பின்வரிசையில் ஒருவன்.
சிரிப்பு எழுந்து பாதியில் நின்றது.
அவள் முகத்தைப் பார்த்தவர்கள் முதலில் நிறுத்தினார்கள்,
பார்க்காதவர்கள் பிறகு.

"ஏழாம் எண்" என்றாள், மைக்குக்கு வெளியே.
அங்கேயே நின்று சித்தப்பாவைக் கூப்பிட்டாள்.
போன் ஸ்பீக்கரோடு இணைந்திருந்ததால்
யாரும் எடுக்காத அந்த ஒலி
சுவர் சுவராக எங்களைச் சுற்றி வந்தது.
வைத்தாள். மறுபடி கூப்பிட்டாள்.

அல்மாத்தியிலிருந்து வந்திருந்த முதலீட்டாளர்
கடித்த பவுர்சாக்கை மெல்ல மறந்தார்.
சோதனைச் சாவடியில் மச்சான் இருப்பதாகச் சொல்லி
யாரோ படியிறங்கி ஓடினார்கள்.
நான் மணியை எடுத்தேன்.
கீழே வைத்தேன்.

புள்ளி ஊருக்குள் நுழைந்தது.
பாலம். ரவுண்டானா.
"நம்ம தெரு!" என்று கத்தினான் ரொமான்.
எல்லோரும் ஜன்னலுக்கு.
பனிக்குள் தார்ப்பாய் போர்த்திய ஒரு லாரி
சிவப்புக்கு நின்றது,
எந்த லாரியும் நிற்பது போல.
பின்கதவு இடுக்கில் மூச்சு புகைந்தது;
புகைந்ததாகப் பிறகு சொல்லிக்கொண்டோம்.
பச்சை விழுந்தது.
இரண்டாம் மாடியிலிருந்து என்ன செய்துவிட முடியும்?

இறைச்சிச் சந்தையின் பின்பக்கம்
புள்ளி போய் நின்றபோது
சித்தப்பா போனை எடுத்தார்.
"வித்துட்டேன்மா. நிலக்கரி வாங்கணும்.
உங்கிட்ட சொன்னா விடமாட்டே.
அந்தப் பட்டையக் கழட்ட மறந்துபோச்சு,
ரொம்ப விலையா அது?"
கசாக் தெரியாதவர்களுக்கு
யாரும் மொழிபெயர்க்கவில்லை.

அல்மாத்திக்காரர்தான் முதலில் கைதட்டினார்.
குத்தலாக அல்ல. உண்மையிலேயே மெச்சி.
வேலை செய்கிறது, கண்ணால் பார்த்தோம் என்றார்.
பேட்டரி எத்தனை நாள் தாங்கும்?

"எட்டு மாதம்" என்றாள் அக்போத்தா.
பிறகு என் பக்கம் திரும்பினாள்,
நேரம் முடிந்ததா என்று.
குனிந்து பார்த்தேன்.
கடிகாரத்தை நான் தொடங்கவே இல்லை.
அவளுடைய ஐந்து நிமிடமும் அப்படியே இருந்தன.

அடுத்துப் பேச வேண்டிய தௌரென்
லேப்டாப்பை மூடி மடியில் வைத்துக்கொண்டு
வரும் மாதம் பார்க்கலாம் என்றான்.
அவனுடையது
வீட்டு வாசலுக்கே கறி கொண்டுவரும் ஆப்.
கேபிளைப் பிடுங்க யாருக்கும் கை வரவில்லை.
கோட்டுக் குவியலில் அவரவர் கோட்டைத் தேடும்வரை
திரையில் அது மினுங்கிக்கொண்டிருந்தது,
மணிக்குப் பூஜ்யம் கிலோமீட்டரில்.